மாமாவோட புல்லட்டும் ரெட்டிச் ஊர் ஊசியும்

போன பதிவுல குச்சிக்கிழங்கு விலை பத்திப் புலம்பியிருந்தேன். இந்தத் தடவை காடு கழனி வேண்டாம். ஒரு வாரமா என் ரெண்டு கையும் கறுப்பா இருக்கு. சோப்பு போட்டாலும் போகல. அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்ததுங்கறதுதான் இந்தப் பதிவு.

எங்க தாய்மாமா ஓட்டின புல்லட் ஒண்ணு அத்தை வீட்டுத் தொண்டுப்பட்டியில சோளத்தட்டுக்குப் பின்னாடி பதினாலு வருசமா நின்னுட்டிருந்தது. கியர் வலது கால்லயும் பிரேக் இடது கால்லயும் இருக்கிற பழைய வண்டி. மாமா பையன் பெங்களூர்ல வேலை பாக்கறான், எனக்கு மாப்ள முறை. பொங்கலுக்கு வந்தவன், "மச்சான், இத எப்படியாவது எடுத்து ஓட்டற மாதிரி பண்ணிரலாம்"னான். எஞ்சினை மெக்கானிக் பாத்துக்கிட்டாரு. வெளிய இருக்கிற அலுமினியக் கவர் எல்லாம் சுண்ணாம்பு பூத்த மாதிரி வெள்ளை வெள்ளையாப் பொரிஞ்சு கிடந்தது. அது என் பங்குக்கு வந்தது.

பல பேர் புல்லட் எஞ்சின் பக்கத்துல பளபளன்னு இருக்கிற கவரைப் பாத்துட்டு அது குரோம்னு நெனைக்கறாங்க. சைலன்சர், ஹேண்டில்பார், ரிம் இதெல்லாம்தான் குரோம். இரும்பு மேல நிக்கல் பூசி, அதுக்கு மேல மெல்லிசா குரோமியம் பூசறது. எஞ்சின் வலது பக்கத்து டைமிங் கவர், இடது பக்கத்து செயின் கவர், கியர்பாக்ஸ் மூடி இதுல எந்தப் பூச்சும் கிடையாது. வெறும் அலுமினியம். யாரோ ஒருத்தர் உக்காந்து தேய்ச்சுத் தேய்ச்சுத்தான் அதுல முகம் தெரியுது. அந்த யாரோ ஒருத்தர்ல எங்க மாமாவும் ஒருத்தர். அதுக்குப் பிறகு வரேன்.

இந்த வண்டியோட பூர்வீகத்தைத் தேடினா அது எஞ்சின்ல ஆரம்பிக்கல. தையல் ஊசியில ஆரம்பிக்குது. இங்கிலாந்துல பர்மிங்காமுக்குத் தெற்கே ரெட்டிச்னு ஒரு ஊர். உலகம் பூரா ஊசி அனுப்பின ஊர் அது. அங்க ஹன்ட் எண்ட்ங்கற இடத்துல 1851ல ஜார்ஜ் டவுன்செண்ட்ங்கறவர் ஊசிக் கம்பெனி ஆரம்பிச்சார். ஊசி வியாபாரம் போகப் போக சைக்கிள் பாகம், அப்புறம் முழு சைக்கிள்னு மாறினாங்க. 1891ல ஆல்பர்ட் ஈடி, ராபர்ட் வாக்கர் ஸ்மித்னு ரெண்டு பேர் அதை எடுத்து நடத்தினாங்க. என்ஃபீல்டுங்கற ஊர்ல இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் பாகம் செஞ்சு கொடுக்கிற வேலை கிடைச்சது. அந்தச் சந்தோஷத்துலதான் சைக்கிளுக்கு என்ஃபீல்டுன்னு பேர் வெச்சாங்க. பீரங்கிப் படம் வந்த கதையும் இதுதான். 1901ல முதல் மோட்டார் சைக்கிள்.

ஊசிக்கு மெருகு போடறது ரெட்டிச்ல பெரிய வேலை. ஃபோர்ஜ் மில்னு ஒரு தண்ணி ஆலை, 1730 வாக்குல இருந்து ஊசி தேய்க்கிறதுக்குன்னே ஓடினது. ஆயிரக்கணக்கான ஊசியை ஒண்ணா அடுக்கி, எமரி தூளும் சோப்பும் எண்ணெயும் போட்டு, கித்தான் துணியில உருட்டி இறுக்கிக் கட்டுவாங்க. நம்ம ஊர்ல பாய் சுருட்டிக் கட்டற மாதிரி. அந்தக் கட்டை ரெண்டு பலகைக்கு நடுவுல வெச்சு, தண்ணிச் சக்கரத்தால முன்னும் பின்னும் உருட்டணும். மணிக்கணக்கா உருட்டிட்டுப் பிரிச்சு, கழுவி, திரும்பக் கட்டி, திரும்ப உருட்டணும். ஒவ்வொரு தடவையும் தூள் இன்னும் நைசாகும். கடைசியில ஊசி ஒண்ணோட ஒண்ணு உரசியே மின்னும். அந்த ஆலை 1958 வரைக்கும் ஓடி, இப்போ அருங்காட்சியகமா இருக்கு.

கரடுமுரடான தூள்ல ஆரம்பிச்சு படிப்படியா நைசுக்குப் போறதுங்கற விசயத்துல அன்னைக்கும் இன்னைக்கும் மாத்தமே இல்ல. நான் போன வாரம் செஞ்சதும் அதேதான்.

அந்த ஊர்ல இன்னொரு வேலையும் இருந்தது. ஊசிக்கு முனை தீட்டறது. கைநிறைய கம்பியைப் பிடிச்சு, காய்ஞ்ச சாணைக்கல்லுல விரலால உருட்டி உருட்டித் தீட்டணும். தண்ணி விட்டாத் துருப்பிடிக்கும்னு காய்ஞ்ச கல்லுலயே தீட்டுவாங்க. கல் தூளும் இரும்புத் தூளும் நேரா மூக்குக்குள்ள போகும். முனை தீட்டறவங்க நல்ல வயசுலயே நெஞ்சு அரிச்சுச் செத்தாங்க. அந்த நோய்க்கு அவங்க தொழில் பேரையே வெச்சிட்டாங்க. தூசியை இழுத்து வெளிய தள்ளற விசிறி வந்தப்போ, அதை வேண்டாம்னு சொன்னவங்க அந்தத் தொழிலாளிங்களேதான். ஆபத்தான வேலைன்னுதான் கூலி ஜாஸ்தி, ஆபத்து போனா கூலியும் போயிரும்னு பயம். இதைப் படிச்சப்ப எனக்குத் தூக்கிவாரிப் போடல. எங்க மாமா பேசினதும் கிட்டத்தட்ட இதேதான்.

சரி, அலுமினியம். நூத்தி எழுபது வருசத்துக்கு முன்னாடி அது தங்கம் மாதிரி. மண்ணுல எங்க பாத்தாலும் இருக்கிற உலோகம், ஆனா ஆக்சிஜனை விடாம பிடிச்சிருக்கும், பிரிச்சு எடுக்கிறது கஷ்டம். 1825ல டென்மார்க்கைச் சேர்ந்த ஓர்ஸ்டெட் துளியூண்டு எடுத்தார். 1855 பாரிஸ் கண்காட்சியில அலுமினியக் கட்டியை நகை மாதிரி வெச்சுக் காட்டினாங்க. 1884ல அமெரிக்காவுல வாஷிங்டன் நினைவுத் தூணோட உச்சிக்குச் சின்னதா ஒரு அலுமினியக் கூம்பு வெச்சாங்க. மூணு கிலோகூட இல்ல. அதை மேல ஏத்தறதுக்கு முன்னாடி நியூயார்க்ல பெரிய நகைக்கடை ஒண்ணுல ஜனங்க பாக்க வெச்சிருந்தாங்க. ரெண்டு வருசம் கழிச்சு, 1886ல, அமெரிக்காவுல ஹாலும் பிரான்ஸ்ல ஹெரூவும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம, மின்சாரத்தால அலுமினியத்தைப் பிரிக்கிற ஒரே வழியைக் கண்டுபிடிச்சாங்க. ரெண்டு பேரும் பொறந்தது 1863, செத்ததும் ஒரே வருசம், 1914. அதுக்கப்புறம் விலை விழுந்த விழுதுல, ராஜா வீட்டுப் பொருள் நம்ம வீட்டு சோத்துக் குண்டாவா ஆயிருச்சு.

அந்தக் குண்டாவைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்தவர் பேரையும் சொல்லணும். ஆல்ஃபிரட் சாட்டர்டன். மெட்ராஸ் ஓவியப் பள்ளிக்குத் தலைமையா இருந்த வெள்ளைக்கார எஞ்சினியர். 1898ல அந்தப் பள்ளியிலேயே அலுமினியப் பாத்திரம் செய்யக் கத்துக் கொடுக்க ஆரம்பிச்சார். பித்தளை, செம்பு வேலை செஞ்ச கைகளுக்கு இது புது உலோகம். 1900ல மெட்ராஸ்ல அலுமினியத்துக்குன்னே கம்பெனி வந்திருச்சு. இதே மனுசன்தான் கிணத்துல ஆயில் எஞ்சின் வெச்சுத் தண்ணி இறைக்கலாம்னு மெட்ராஸ் மாகாணம் முழுக்கச் சொல்லிச் செஞ்சு காட்டினவர். கவலை ஓட்டி மாடும் மனுசனும் செத்த காலத்துல அது எவ்வளவு பெரிய விசயம்னு கிணத்துப் பாசனக்காரனுக்குத்தான் தெரியும். குரோம் தோல் பதனிடறதையும் இங்க கொண்டு வந்தவர் அவர்தான். ஒரு சிலைகூட இல்லாம போயிட்டார்னு எனக்கு வருத்தம்.

எங்க பக்கத்துக்கு அலுமினியம் வந்தது மேட்டூர் வழியா. 1965ல மேட்டூர்ல அலுமினிய ஆலை உற்பத்தியை ஆரம்பிச்சது. சேர்வராயன் மலையிலும் கொல்லி மலையிலும் வெட்டின பாக்சைட் மண்ணு லாரியில வரும். சுமாரா நாலு டன் மண்ணுலருந்து ரெண்டு டன் வெள்ளைப் பொடி, அதுலருந்து ஒரு டன் அலுமினியம். மிச்சம் செஞ்சேறு. ஒரு கிலோ அலுமினியம் எடுக்க 13லிருந்து 15 யூனிட் கரண்ட் வேணும். என் 5 எச்.பி. மோட்டார் நாலு மணி நேரம் ஓடற கரண்ட் அது. அணை மின்சாரம் பக்கத்துல இருந்ததாலதான் ஆலை அங்க வந்தது. கரண்ட் செலவு கட்டுப்படியாகாமத் திணறி, 2008ல உருக்கறதை நிறுத்திட்டாங்க. மேட்டூர்ல செகப்பு மேடு இன்னும் இருக்கு.

இப்போ புல்லட். 1955ல ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பிச்சாங்க. ராணுவம் எல்லையில ரோந்து போக இந்த வண்டியை விரும்பினதுதான் அதுக்குக் காரணம். திருவொற்றியூர்ல தொழிற்சாலை. முதல்ல இங்கிலாந்துல இருந்து பாகம் வந்து இங்க பூட்டினாங்க. 1962 வாக்குல எல்லாப் பாகமும் இங்கேயே செய்ய ஆரம்பிச்சாச்சு. ரெட்டிச் தொழிற்சாலையை 1967ல மூடிட்டாங்க. 1970ல இங்கிலாந்துல கம்பெனியே முடிஞ்சது. ஊசிக்காரன் ஊர்ல செத்த வண்டி திருவொற்றியூர்ல உயிரோட இருந்தது. 1977ல இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏத்துமதி பண்ணினாங்க. இதைச் சொல்லறப்ப மாமா முகத்துல ஒரு சிரிப்பு வரும்.

அந்தக் காலத்து வண்டிக்காரங்க ஏன் அலுமினியத்தை மெருகு போட்டே விட்டாங்கங்கறதுக்கு ஒரு காரணம் உண்டு. குரோம் பூச நிக்கல் வேணும். 1951, 52ல கொரியா யுத்த சமயத்துல நிக்கல் தட்டுப்பாடு வந்து, இங்கிலாந்து வண்டிகள்ல குரோமையே குறைச்சாங்க. அலுமினியத்தை மின்ன வைக்க வெளிநாட்டுச் சாமான் எதுவும் வேண்டாம். தூளும் துணியும் ஆளும் இருந்தாப் போதும். நம்ம ஊர்ல ஆளுக்கா பஞ்சம்?

மாமா 1968ல மெட்ராஸ் போனார். வடசென்னையில ஒரு சின்னப் பட்டறை. பேரு வேண்டாம், இப்ப அது இல்லவும் இல்ல. குழாய், சைக்கிள் சாமான், பாத்திரக் கைப்பிடி, ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரங்க அனுப்பற புல்லட் கவர் எல்லாத்துக்கும் மெருகு போடற இடம். பத்தாவது பரீட்சை முடிஞ்சு 1985ல ரெண்டு மாசம் நான் அவர்கூடத் தங்கியிருந்தேன். பட்டறையில மோட்டாரோட ரெண்டு பக்கமும் சக்கரம். ஒண்ணு கத்தாழை நார்ச் சக்கரம், ஒண்ணு துணிச் சக்கரம். சோப்புக் கட்டி மாதிரி இருக்கிற மெருகுக் கட்டியை ஓடற சக்கரத்துல காட்டிட்டு, அதுக்கப்புறம் கவரை அழுத்துவாங்க. அலுமினியம் சூடாகும். சாக்குத்துணி சுத்தின கையாலதான் பிடிக்கணும். சக்கரத்துல கவர் மாட்டிச்சுன்னா பறந்து வந்து நெஞ்சுல அடிக்கும். சாயங்காலம் எல்லார் முகமும் கரி மாதிரி, கண்ணு மட்டும் வெள்ளையா.

சக்கரம் போகாத இடம் உண்டு. மூலை, பள்ளம், திருகாணிக் குழியைச் சுத்தின ஓரம், மேடா இருக்கிற எழுத்து. அதெல்லாம் கையால. மாமா கைவேலைக்காரர். எமரித் தாளைச் சின்ன மரக்குச்சியில சுத்தி மணிக்கணக்கா உக்காந்திருப்பார். அவருடைய பெருவிரல்லயும் ஆள்காட்டி விரல்லயும் ரேகையே கிடையாது. பேங்குல ரேகை வெக்கச் சொன்னா மூணு தடவை உருட்டுவாங்க, வெறும் மை அப்பிக்கிட்டு வரும். மாமா கையெழுத்துப் போடத் தெரிஞ்சவர்தான், வேணும்னே ரேகை வெச்சு வேடிக்கை காட்டுவார்.

"மூக்குல துண்டு கட்டிக்கிட்டா என்ன மாமா?"ன்னு கேட்டேன்.

"கட்டினா மூச்சு முட்டும்டா. மூச்சு முட்டினா நாலு பீஸ் கொறையும். பீஸுக்குத்தான்டா காசு."

அந்தப் பீஸ் காசைச் சேத்துத்தான் பழைய புல்லட்டை வாங்கினார். யார் யாரோ வண்டிக்கு மெருகு போட்டவர், தன் வண்டிக்கு ஒரு ஞாயித்துக்கிழமை பூராவும் போட்டார். 1993ல இருமலோடயும் வண்டியோடயும் ஊருக்கு வந்தார். தூசிதான் காரணம்னு சேலத்துல டாக்டர் சொன்னார். 2009ல போயிட்டார், 59 வயசு.

மாப்ள முதல்ல, "சேலத்துல பஃபிங் கடையில கொடுத்துரலாம் மச்சான், அரைமணி வேலை"ன்னுதான் சொன்னான். ரெண்டு பேரும் போனோம். சக்கரத்துக்கு முன்னாடி பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பையன் ஒருத்தன். மூக்குல ஒண்ணும் இல்ல. வடக்கே இருந்து வந்தவன்னு நெனைக்கறேன், எங்களைப் பாத்துச் சிரிச்சான். நான் கவரைத் திரும்பப் பையில போட்டுக்கிட்டேன். நான் கொடுக்கலேன்னா அந்தப் பையன் தூசி தின்னாம இருக்கப் போறானா? இல்ல. அது எனக்கும் தெரியும். ஆனா கொடுக்க மனசு வரல. சக்கரத்துல போட்டா இன்னொரு நட்டமும் உண்டு. மேடான எழுத்தோட ஓரம் மழுங்கிரும்.

கையால எப்படிச் செஞ்சேன்னு கேப்பீங்க. கவரைக் கழட்டி மண்ணெண்ணெயில கழுவினேன். வெள்ளையாப் பொரிஞ்ச இடத்துக்கு 220 நம்பர் வாட்டர் பேப்பர், மத்த இடத்துக்கு 320. சோப்புத் தண்ணி தொட்டுத் தொட்டுத்தான் தேய்க்கணும், காய்ஞ்சு போகக் கூடாது. தண்ணி இருந்தா தூசி பறக்காது, தாளும் அடைக்காது. முதல் தாளை நீளவாக்குல தேய்ச்சா அடுத்த தாளைக் குறுக்கால தேய்க்கணும். பழைய கோடு ஒண்ணுகூட இல்லாம போற வரைக்கும் அடுத்த நம்பருக்குப் போகக் கூடாது. உழவுல குறுக்கு ஓட்டற மாதிரிதான். 400, 600, 800, 1000, 1500, 2000. அவசரப்பட்டு 400ல ஒரு கோட்டை விட்டுட்டேன். 1500 வந்தப்ப அது பல்லைக் காட்டிச்சு. திரும்ப 400ல இருந்து.

2000 முடிஞ்சாலும் கண்ணாடி வராது, பனி மூடின மாதிரி இருக்கும். வெளிச்சத்தோட அலை அரை மைக்ரான்தான், தலைமுடி தடிமன்ல நூத்துல ஒரு பங்கு. கீறல் அதைவிடச் சின்னதாகற வரைக்கும் வெளிச்சம் சிதறிக்கிட்டேதான் இருக்கும். கடைசியா மெட்டல் பாலீஷ், பழைய வேட்டித் துணி. துணி உடனே கறுப்பாகும். அழுக்கு இல்லைங்க, அது அலுமினியமே நைசாத் தேய்ஞ்சு வரது. அந்தக் கறுப்புதான் இப்ப என் கையில. மிச்சம் இருக்கிற பிசுக்கை மைதா மாவு தூவித் துடைச்சா போயிரும். ஒரு கவருக்கு நாலு சாயங்காலம், மொத்தம் ஒம்பது மணி நேரம் ஆச்சு. மாமா பாத்திருந்தா சிரிச்சிருப்பார்.

ஒரு எச்சரிக்கை. என் வீட்டுக்காரி "சாம்பல் போட்டுத் தேய்ங்க, பளிச்சுனு ஆகும்"னா. பித்தளை, செம்புக்குச் சரி. அலுமினியத்துக்குச் சாம்பலும் சலவைச் சோடாவும் ஆகாது. காரம் பட்டா அலுமினியம் அரிச்சுக் கறுத்துப் போகும். சின்ன வயசுல எங்கம்மாவோட தூக்குப்போசியைச் சோடாத் தண்ணியில ஊறப் போட்டு நான் வாங்கின அடி இன்னும் ஞாபகம் இருக்கு.

இன்னொண்ணும் இருக்கு. கேரளாவுல ஆரன்முளைக் கண்ணாடின்னு கேள்விப்பட்டிருப்பீங்க. செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்து, கையாலயே நாள் கணக்காத் தேய்ச்சு முகம் பாக்கற அளவுக்குக் கொண்டு வர்றாங்க. அந்தக் குடும்பங்களோட முன்னோர் திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து போனவங்கன்னு அவங்களே சொல்றாங்க. புவிசார் குறியீடு வாங்கி, பெட்டியில வெச்சு, விலை வெச்சு விக்கறாங்க. நல்லா இருக்கட்டும். புல்லட் டேங்க்குல தங்கக் கோட்டைக் கையால வரையற ஆளுங்களைப் பத்தியும் பேப்பர்ல படம் போட்டு எழுதினாங்க. கவர் தேய்ச்சவங்களைப் பத்தி நான் எங்கயும் படிச்சதில்ல. கோடு போட்டவன் விட்டுட்டுப் போனது ஒரு கோடு, காட்டலாம். தேய்ச்சவன் ஒண்ணையும் விட்டுட்டுப் போகல, இருந்ததை எடுத்துட்டுப் போயிருக்கான். அதைப் போட்டோ பிடிக்க முடியாதுல்ல.

நேத்து சாயங்காலம் கவரைப் பூட்டினோம். வலது பக்கக் கவர்ல ஓர் இடத்துல, மாமா காலு வருசக்கணக்கா உரசி லேசாப் பள்ளம் விழுந்திருந்தது. அதையும் தேய்ச்சுச் சமமாக்கச் சொன்னான் மாப்ள. அங்க மட்டும் நான் 1000க்குக் கீழ போகல. மெருகு வந்திருக்கு, பள்ளமும் இருக்கு. அத்தை திண்ணையில இருந்து எறங்கி வந்து, குனிஞ்சு, முந்தானையால ஒரு தடவை துடைச்சுப் பாத்துச்சு.

"உங்க மாமா இந்த ஓரத்துல இன்னுங் கொஞ்சம் தேய்ச்சிருப்பார்"னுட்டு, டீ வெக்க உள்ள போயிருச்சு.

இடது பக்கத்து செயின் கவர் இன்னும் பாக்கி. கடலைக்காய் பிடுங்கி முடிச்சிட்டு அதை எடுக்கணும்.